குட்டைக் கயிறும் நெட்டைக் கயிறும்

ஆரோக்கியம் அண்ணாவின் மருமகள் ஸ்டெல்லா இப்போது ஆட்டு வியாபாரத்தைப் போனிலேயே நடத்துகிறாள். ஓசூர்ப் பக்கம் கிடா என்ன விலை, மாலூர்ப் பக்கம் என்ன விலை என்று காலை ஆறு மணிக்கே படத்தோடு வந்துவிடுகிறது. எங்கே மலிவோ அங்கே டெம்போவை அனுப்புகிறாள். போன மாதம் சந்தாபுராவில் அவர்கள் கொட்டகைக்குப் போயிருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இந்த போனெல்லாம் இல்லாதப்போ மாமா எப்பிடி கரெக்டா டெம்போ அனுப்பிச்சாரு? எல்லாரும் உங்க பேரத்தான் சொல்றாங்க. நீங்க என்னதான் பண்ணீங்க?"

"கயிறு வித்தேன்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். அதற்குமேல் எனக்குச் சொல்ல வரவில்லை. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். சின்ன வயதிலிருந்தே அப்படி. அஞ்சாவது வரைக்கும் படித்த எழுத்து இன்னும் கையில் இருக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன், ஸ்டெல்லாவே படித்துக்கொள்ளட்டும்.

முதலில் அவள் மாமனாரைச் சொல்ல வேண்டும். ஆரோக்கியம் அண்ணா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பிழைக்க வேறு வழி தேடி ஆட்டு வியாபாரத்துக்கு வந்தார். வந்தாரே தவிர சுரங்கத்தை விட்டு வெளியே வரவில்லை. அங்கே கூண்டில் ஆளை இறக்குவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுப்பார்களாம், மேலே வந்ததும் எண்ணி வாங்குவார்களாம். இங்கே ஆட்டுக்கு டோக்கன். வட்டமாக வெட்டின தகரத்தில் நம்பர் அடித்து, ஒவ்வொரு ஆட்டின் கழுத்திலும் கட்டி, டெம்போவில் ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை எண்ணுவார். கணக்கு சரியாகிற வரைக்கும் யாருக்கும் டீ கிடையாது. கோபம் வந்தாலும் குரல் ஏறாது. "பாத்துக்கலாம், முனிம்மா, கீழ போனது எல்லாம் மேல வரணும், அவ்ளோதான்" என்பார். ஆடு திங்கிற ஆட்களுக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் விபரீதமாகத்தான் இருக்கும்.

அவருக்குத் தெரிந்த வியாபார சூத்திரம் ஒன்றே ஒன்று. எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு நாள்காட்டி, இந்தப் பக்கம் ஒரு நாள்காட்டி. ஆடி வந்தால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அம்மனுக்குக் கிடா வெட்டுவார்கள், அங்கே விலை ஏறும். புரட்டாசி வந்தால் அதே ஊர்களில் பெருமாளுக்காகக் கறியை நிறுத்திவிடுவார்கள், விலை படுத்துவிடும். அதே நாட்களில் இந்தப் பக்கம் கன்னடக்காரர்கள் நிறையப் பேர் செத்துப்போன பெரியவர்களுக்குக் கறி ஆக்கிப் படைப்பார்கள். தீபாவளிக்கு அங்கே கறிக்கடையில் கூட்டம் தெருவரைக்கும் நிற்கும், இங்கே பாதி வீடுகளில் லட்சுமி பூஜை. யுகாதிக்கு மறுநாள் இங்கே வருஷத் தொடக்கு. அன்றைக்குக் கறி எடுக்காத வீட்டை விரல் விட்டு எண்ணலாம். மலிந்த பக்கம் வாங்கி ஏறின பக்கம் விற்க வேண்டும். ஆட்டுக்கு எல்லையும் தெரியாது, பண்டிகையும் தெரியாது. பாவம், அது பாட்டுக்கு வண்டி ஏறும்.

காது கிழிந்த கறுப்புக் கிடா ஒன்று இருந்தது. பக்ரீத்துக்கு இங்கே வந்தது, பெரிய விலை சொல்லி விற்காமல் போயிற்று. ஆடிக்கு அந்தப் பக்கம் போனது. வாங்கின ஆளுக்கு அதற்குள் மனசு மாறி, புரட்டாசியில் மலிவாகத் தள்ளிவிட, மறுபடியும் இங்கே வந்தது. அதன் கழுத்துக்கு இரண்டு தடவை கயிறு விற்றவள் நான். "இதுக்கு ஒரு பஸ் பாஸ் எடுத்துக் குடுத்திருக்கலாம்" என்றார் அண்ணா.

கயிறு விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரைத் தாண்டி வாரம் ஒருநாள் ஆட்டுச் சந்தை கூடும். விற்கிறவர் ஆட்டைக் கொடுப்பார், அதன் கழுத்துக் கயிற்றைக் கொடுக்க மாட்டார். கயிறோடு கொடுத்தால் வீட்டு லட்சுமியும் பின்னாலேயே போய்விடுவாளாம். அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். வாங்கினவர் புதுக் கயிறு போட்டுத்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தப் புதுக் கயிற்றை விற்கிறவள் நான். பேட்டையில் கட்டாக வாங்கி, அளந்து வெட்டி, நைலான் நுனி பிரியாமல் மெழுகுவத்தியில் காட்டி உருக்கி, பத்துப் பத்தாகச் சேர்த்துச் சிவப்பு நூலால் கட்டுவேன். பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து விடியற்காலை பஸ் மாறி மாறிப் போய், சந்தை வாசலில் சாக்கை விரித்து உட்காருவேன். இதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது.

இரண்டு அளவு வைத்திருப்பேன். வீட்டில் கட்டி வளர்க்கிறவர்கள் நெட்டைக் கயிறு கேட்பார்கள், ஆடு சுற்றி மேய வேண்டும் அல்லவா. டெம்போவில் ஏற்றுகிறவர்கள் குட்டைக் கயிறு கேட்பார்கள், நீளமாக இருந்தால் வண்டிக்குள் காலில் சிக்கிக்கொள்ளும். குட்டை அதிகமாகப் போனால் வெளியூர் ஆட்கள் அள்ளுகிறார்கள், விலை ஏறுகிறது. நெட்டை மட்டுமே போனால் உள்ளூர்க்காரர்கள்தான் வாங்குகிறார்கள், விலை தூங்குகிறது. விலையையோ துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். துண்டுக்குள் எட்டிப் பார்க்க முடியுமா? ஆனால் ஆளைப் பார்க்கலாம். மலிவாக வாங்கினவர் கயிற்றுக்கு நோட்டை நீட்டி, "சில்லறைய நீயே வெச்சிக்கம்மா" என்பார். அதிகம் கொடுத்து ஏமாந்தவர் ஆட்டில் விட்டதைக் கயிற்றில் பிடிக்கப் பார்ப்பார். கால் மணி நேரம் பேரம் பேசுவார்.

இதைக் கண்டுபிடித்தது நானல்ல, அண்ணாதான். ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "இன்னைக்கு எப்பிடி?" என்று கேட்டார். "குட்ட நெறைய போச்சு, எல்லாம் பேரம்" என்றேன். அடுத்த வாரத்திலிருந்து என் பஸ் செலவு அவருடையது.

பேச எனக்குக் கூச்சம், சந்தையில் நூறு ஆம்பிளைகளுக்கு நடுவே போனில் விலை சொல்வதாவது! அதற்கும் அவரே வழி சொன்னார். சுரங்கத்தில் கூண்டை இறக்கவும் ஏற்றவும் மணிதான் பேசுமாம், இத்தனை அடி அடித்தால் இன்னது என்று. அதே மாதிரி மிஸ்டு கால். ஒன்று வந்தால், "வா." இரண்டு வந்தால், "வராதே, மாலூர்ப் பக்கம் போ." மூன்று வந்தால், "பெரிய வண்டியோடு வா." அவர் எடுக்கவே கூடாது, நான் பேசவே கூடாது. இப்படியே வருஷக்கணக்காக ஓடியது. ஒரு பைசா போன் செலவில்லை. மற்ற பெங்களூர் வியாபாரிகளுக்கு என்ன சூட்சுமம் என்று பிடிபடவில்லை. ஆனால் அவர் டெம்போ போகிற பக்கம் போனால் நஷ்டமில்லை என்று மட்டும் பிடிபட்டது. அத்திப்பள்ளி டீக்கடையில் வண்டிகளை நிறுத்திக்கொண்டு, அண்ணா எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று காத்திருப்பார்கள்.

இனி அந்த யுகாதிக் கதை.

எங்கள் ஆஸ்டின் டவுன் தெருவில் அறுபது வீடுகள் அண்ணாவிடம் கறிச் சீட்டுப் போட்டிருந்தன. வருஷம் பூராவும் வாராவாரம் கொஞ்சம் கொடுத்து வந்தால், வருஷத் தொடக்கு அன்றைக்கு வீட்டுக்கு ஒரு கூறு கறி. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பெருக்குகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள். பெரும்பாலோர் என்னை நம்பிச் சேர்ந்தவர்கள். "முனியம்மா வாயத் தொறந்து சேருங்கன்னு சொல்லிச்சின்னா அது பொய்யா இருக்காது" என்று எதிர்வீட்டு ராணி ஊரெல்லாம் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தாள். யுகாதிக்கு முந்தின கடைசிச் சந்தையில் ஆடு மலிவாகக் கிடைத்தால் கூறு பெரிசு. கிடைக்காவிட்டால் கூறு சிறுத்துப்போகும், நான் அந்தத் தெருவில் நடக்கவே முடியாது.

ஓசூர்ப் பக்கத்துத் தரகர் வரதராஜு என்று ஒருவர். வெள்ளை வேட்டி, எப்போதும் வாயில் பாக்கு. சில வாரங்களாக என் கடைப் பக்கம் வந்து நின்று, "அக்கா, போனு ரிப்பேரா? எடுக்கற, காதுல வெக்கற, பேசாம வெச்சிடற" என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தார். கேலி என்றுதான் நானும் நினைத்தேன். அங்கேயே முழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தக் கடைசிச் சந்தைக்கு நான் சாக்கை விரித்தபோது இன்னும் ஆடுகளே பாதி வந்து சேரவில்லை. இரண்டு பேர் வந்தார்கள். "குட்டக் கயிறு நாப்பது குடும்மா" என்றார்கள். நான்கு கட்டு கொடுத்தேன். பேரம் பேசவில்லை. எட்டு மணிக்கே நாற்பது குட்டைக் கயிறு! யாரோ பெரிய ஆள் விடிவதற்கு முன்பே வளைத்துவிட்டான், விலை வானத்துக்குப் போகப் போகிறது என்று என் புத்தி ஓடியது. இரண்டு மிஸ்டு கால் கொடுத்தேன். அத்திப்பள்ளியில் காத்திருந்த அண்ணா மாலூர்ப் பக்கம் டெம்போவைத் திருப்பிவிட்டார். டீக்கடை வண்டிகள் எல்லாம் அவர் பின்னாலேயே போய்விட்டன.

பத்து மணி ஆயிற்று. ஆடுகள் நிறைந்து வழிகின்றன, வாங்க ஆள் இல்லை. வாசலைத் தாண்டிப் போன ஆடுகளில் ஒன்றின் கழுத்திலும் என் குட்டைக் கயிறு இல்லை. வரதராஜுவின் வண்டி வாசலுக்கு எதிரே நின்றது. அதன் முன் கண்ணாடிக்குப் பின்னால் என் நான்கு கட்டுகளும், சிவப்பு நூல் கூட அவிழ்க்காமல், அப்படியே இருந்தன. பேரம் பேசாமல் வாங்கினவன் மலிவாக ஆடு வாங்கினவன் என்பது என் கணக்கு. ஆடே வாங்காதவனும் பேரம் பேச மாட்டான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வரதராஜு ஆடு ஆடாகத் தடவிக்கொண்டு போனார். "பெங்களூர் வண்டி ஒண்ணுகூட வரலப்பா. நான் சொல்றதுதான் வெல. இல்லாட்டி ஓட்டிக்கினு போய் ஊட்லயே கட்டிக்க" என்று எல்லோரிடமும் சொன்னார். ஆறு ஆட்டைக் கேட்கவே கூசுகிற விலைக்கு முடித்துவிட்டார்.

நான் அண்ணாவுக்குப் போன் போட்டேன், இந்தத் தடவை பேசுவதற்காக. அவர் எடுக்கவில்லை. என் போனை எடுக்காமல் இருப்பதுதானே எங்கள் ஏற்பாடு! மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அடித்து முடியட்டும் என்று விட்டால், மறதியில் வைக்காமல் விட்டுவிட்டேன் என்று நினைத்து அவரே கட் பண்ணினார். என் காசு வீணாகிவிடக் கூடாதாம். ஏழு தடவை போட்டேன். பிறகு தெரிந்தது, அங்கே வண்டிக்குள் டிரைவர் பாஷாவுக்கும் அவருக்கும் வாக்குவாதம்.

"ஏழு மிஸ்டு காலாச்சே சாப், ஏழு லாரி கேக்குதா அந்தம்மா?"

"ஏழுக்கு நம்மகிட்ட அர்த்தம் கெடையாதுப்பா."

"அப்ப எடுத்துப் பேசுங்களேன்!"

"பேசற பழக்கம் இல்லியே."

எனக்கு இது எதுவும் தெரியாது. சாக்கின் மேல் உட்கார்ந்து அறுபது வீட்டையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு ஆள் வந்து, "நெட்டக் கயிறு ரெண்டு" என்றான். என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது.

"கயிறு இல்லீங்க. மிச்சம் நூறும் எடுத்து வெச்சிருக்கேன். மத்தியானம் பெங்களூர்லருந்து ஒருத்தரு வராரு, நூறு ஆட்டுக்கு."

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கயிற்றையெல்லாம் சாக்கில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். கால் மணிக்குள் சந்தை பூராவும் அந்த நூறு ஆட்டுக்காரர் வந்துவிட்டார். அவர் யாரென்று நான் சொல்லவில்லை, சந்தையே சொல்லிற்று. பெரிய ஓட்டல்காரராம், மகள் கல்யாணமாம். விற்கிறவர்கள் ஆட்டைப் பிடித்த பிடியை இறுக்கினார்கள். வரதராஜு துண்டை நீட்டினால் கையை உள்ளே விட ஆள் இல்லை.

அவர் நேராக என்னிடம் வந்தார். "யாருக்கா அந்த ஆளு?"

"தெரியாதுங்க. கயிறுதான் சொல்லி வெச்சாரு."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் வழக்கம் போலத் தரையைப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவரிடம், "பேசாத பொம்பள பேசறா, பொய் சொல்லத் தெரியாது இதுக்கு" என்றார். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏறின விலைக்கு வாங்க மனசில்லாமல், ஆறு ஆட்டோடும் முப்பத்துநாலு உபரிக் கயிற்றோடும் கிருஷ்ணகிரிப் பக்கம் வண்டியை விட்டார்.

பன்னிரண்டரைக்கு எங்கள் டெம்போ வாசலில் வந்து நின்றது. சுரங்கத்தில் புரியாத மணி அடித்தால், என்ன ஏதென்று யோசிக்காமல் கூண்டை மேலே கொண்டுவர வேண்டுமாம். அதனால் அண்ணா பாதி வழியில் திரும்பிவிட்டார். எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் அரை மணியில் போய்விட்டது.

அண்ணா முதல் ஆட்டுக்குத் துண்டை விரித்தார். உள்ளே விரலைப் பிடித்த விற்கிறவர் சொன்ன விலையில் அவர் கண் சுருங்கியது. அடுத்த ஆடு, அதே விலை. அடுத்தது, இன்னும் மேலே. ஆஸ்டின் டவுனில் வெட்டின கறியாகவே வாங்கிவிடலாம் போலிருந்தது. என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"முனிம்மா, யாரோ நூறு ஆட்டுக்காரன் வரானாமே?"

"நீங்கதாண்ணா."

"நானா?"

நடந்ததைச் சொன்னேன். வாழ்க்கையில் நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசினது அதுதான் முதல் தடவை. அவர் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஏத்தினது நீ. எறக்கறதும் நீதான்" என்று எழுந்து டெம்போவில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

எப்படி இறக்குவது? நூறு ஆட்டுக்காரர் வரமாட்டார் என்று வாயால் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். சாக்கைப் பிரித்தேன். கயிற்றையெல்லாம் வெளியே கொட்டி, இரண்டு கட்டைத் தூக்கிப் பிடித்து, "பாதி வெல! பாதி வெல! கயிறு மிச்சமாயிருச்சு!" என்று கூவினேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. முதலில் ஒருத்தர் திரும்பினார், அப்புறம் நாலு பேர். நூறு கயிறும் மிச்சம் என்றால் நூறு ஆட்டுக்காரன் எங்கே? யாரும் யாரையும் கேட்கவில்லை. மணி ஒன்றரை, ஊருக்குப் போகிற பஸ் நேரம். துண்டுகள் தாமாக விரிந்தன, அண்ணாவும் டெம்போவிலிருந்து இறங்கி வந்தார்.

இரண்டு கிடாவோடு காலையிலிருந்து நின்ற ஒரு அம்மா என்னிடம் வந்து, "ஏம்மே, உன் நூறு ஆட்டுக்காரன் செத்துட்டானா?" என்று கேட்டாள்.

"வழியிலயே மனசு மாறிட்டாரு போலக்கா."

"நல்லாருப்ப நீ. அந்த வேட்டிக்காரன் கேட்ட வெலக்கி இது எவ்ளவோ மேல" என்று இரண்டையும் அண்ணாவுக்கே கொடுத்துவிட்டுப் போனாள். என் பொய்யால் அவளைப் போன்றவர்களுக்கு நஷ்டமாகிவிட்டதோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அது போயிற்று. காலை விலைக்கு மேலே, மத்தியான விலைக்குக் கீழே, இரண்டு பக்கத்துக்கும் வயிறு எரியாத ஒரு விலையில் டெம்போ நிறைந்தது. நான் ஓடி ஓடி எல்லாக் கழுத்துக்கும் கயிறு கட்டினேன். அண்ணா டோக்கன் கட்டிக்கொண்டே பின்னால் வந்தார். கடைசி ஆட்டை ஏற்றினபோது சொன்னார்.

"முனிம்மா, ஏழுக்கு இனிமே ஒரு அர்த்தம் வெச்சிக்குவோம். முனிம்மா வாயத் தொறந்துட்டா."

வருஷத் தொடக்கு அன்றைக்குத் தெருக்கோடியில் தார்பாய் விரித்து அறுபது கூறு போட்டார்கள். கறி, ஈரல், எலும்பு எல்லாம் பங்காக வைத்துத்தான் போடுவது. ஆனாலும் பக்கத்துக் கூறு பெரிசாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்காக ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். முதுகைக் காட்டுகிறவர் வாயில் வருகிற வீட்டுக்கு அது.

ராணி என்னைத் தள்ளிவிட்டாள். "ஆளப் பாத்தாதானே ஒனக்குக் கூச்சம், செவுத்தப் பாத்து சொல்லு."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு பேருக்கும் பின்னால் பாத்திரச் சத்தம். யாரும், "ஐயோ, கொஞ்சமா இருக்கே" என்று சொல்லவில்லை. அறுபதும் முடிந்தது. அப்புறமும், "இது யாருக்கு?" என்று குரல் கேட்டது. ஆடுகள் கொஞ்சம் சதைப்பற்றாக இருந்ததில் ஒரு கூறு மிச்சமாகியிருந்தது. எனக்கு, எனக்கு என்று பின்னால் சண்டை கிளம்பிற்று.

"ஓசூர் வரதராஜுவுக்கு" என்றேன்.

எல்லாம் அடங்கிவிட்டது. "யாருடி அது, உன் சொந்தமா?" என்றாள் ராணி.

"தொழில்ல பங்காளி."

அண்ணா எங்கேயோ தூக்குப் பாத்திரம் கேட்டுக் கத்துவது கேட்டது. அவரே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாராம். நான் திரும்பினேன். அறுபது வீட்டு ஆட்களும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.